ஒரு கிண்ணத்துக்கு எத்தனை மதிப்பெண்?

மாணவ நண்பர்களே, தேர்வு எழுதி மதிப்பெண் பெறுவது உங்கள் கடமை. விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் வழங்குவது ஆசிரியர் கடமை. ஆனால், தாம் உண்ட உணவுக்கு மதிப்பெண் வழங்குவதையே ஓய்வுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் ஜப்பானில் ஏராளமாக இருக்கிறார்கள். அந்நாட்டில் 'ராமென்' என்றொரு நூடுல்ஸ் உணவு உண்டு. விடுமுறை வந்தால் ரயிலேறி ஊர் ஊராகச் சென்று, சந்து பொந்துகளில் உள்ள ராமென் கடைகளைத் தேடிப் பிடித்து, வரிசையில் நின்று, ஒரு கிண்ணம் உண்டு, அதன் தரத்தை எடைபோட்டுக் குறித்து வைப்பார்கள். சிலர் இவ்வாறு ஆயிரக்கணக்கான கிண்ணங்களைக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஜப்பானுக்குச் சென்றிருந்தபோது எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ஒரு குறிப்பேடு வாங்கினேன். சாறு, இழை, மேலே வைக்கும் பொருள்கள், கடையின் தோற்றம், விலை என ஐந்து பத்திகள் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஆக மொத்தம் ஐம்பது. அந்தக் குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்தில், ஓர் எளிய கடைக்கு நான் இட்ட 19 என்ற எண் அடிக்கப்பட்டிருக்கும். அதை ஏன் அடித்தேன் என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், அந்தக் கிண்ணம் ஜப்பானுக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

ராமென் என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பன்றி அல்லது கோழி எலும்பையும், உலர்ந்த மீனையும் நெடுநேரம் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு முதலாவது. சோயாக் குழம்போ, உப்போ, மீசோ எனப்படும் புளித்த சோயா விழுதோ அடிப்படையாக அமைந்த சுவைக்கலவை இரண்டாவது. கோதுமை மாவினால் ஆன நீண்ட இழை மூன்றாவது. இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள் போன்ற மேற்பொருள்கள் நான்காவது. இவற்றுள் இழைக்குத் தனிச் சிறப்பு உண்டு. சோடா உப்பைப் போன்ற உப்புகள் கரைந்த நீரை ஊற்றி அதன் மாவைப் பிசைகிறார்கள். அந்த நீரால் மாவுக்கு இலேசான மஞ்சள் நிறமும், இழுத்தால் மீளும் தன்மையும் உண்டாகின்றன. ஜப்பானின் பழைய உணவுகளான உதோனிலும் சோபாவிலும் இந்த நீர் சேர்வதில்லை. இது சீனத்திலிருந்து வந்த முறை. ஆகவே, ஜப்பானியர் இன்று தம் நாட்டு உணவு என்று பெருமையோடு சொல்லும் இந்தக் கிண்ணத்தின் முதற்பொருளே அயலார் தந்த கொடையாகும்.

அந்த அயலார் வந்தது எப்படி? பன்னெடுங்காலம் தன் வாயில்களைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருந்த ஜப்பான், மேலை வல்லரசுகளின் நெருக்குதலால் 1858-ஆம் ஆண்டில் வாணிக உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டது. மறு ஆண்டில் யோகோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டது. மேலை நாட்டு வணிகர் தம்மோடு சீனக் கணக்கர்களை அழைத்து வந்தனர். ஜப்பானியரும் சீன எழுத்துகளை அறிவர் ஆதலால், பேச்சு புரியாவிடினும் எழுதிக் காட்டி வாணிகம் பேசச் சீனர் உதவினர். அவர்களைத் தொடர்ந்து தையற்காரரும், முடிதிருத்துவோரும், சமையற்காரரும் வந்தனர். புலம்பெயர்ந்த சீனர் பிழைப்பது மூன்று கூர்ங்கருவிகளால் என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. சமையற்காரரின் கத்தியும், தையற்காரரின் கத்தரிக்கோலும், முடிதிருத்துவோரின் சவரக்கத்தியுமே அவை. முதலாவது கத்தியிலிருந்து பிறந்ததுதான் நாம் பேசும் உணவு. சீன நகரான நாங்கிங்கின் பெயரால் அதை 'நான்கின் சோபா' என்று ஜப்பானியர் அழைத்தனர்.

1899-ஆம் ஆண்டில் அயல்நாட்டார் தங்குவதற்கென ஒதுக்கப்பட்டிருந்த குடியிருப்புகளின் எல்லை நீக்கப்பட்டது. பதினோராண்டு கழித்து, 1910-இல், யோகோஹாமாவில் சுங்க அலுவலராக இருந்து விலகிய ஒஸாகி கன்இச்சி என்பவர் டோக்கியோ நகரின் அஸகுஸா பகுதியில் 'ராய்ராய்கென்' என்ற கடையைத் திறந்தார். யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை வரவழைத்து, டோக்கியோ மக்களுக்குப் பழக்கமான சோயாச் சுவையில் குறைந்த விலைக்கு இவ்வுணவை விற்றார். ராமென் கடைகளின் வரலாற்றை எழுதுவோர் பலர் இக்கடையிலிருந்தே தொடங்குவர். முதலாளி ஜப்பானியர், கைத்திறன் சீனருடையது, நாவோ டோக்கியோ தொழிலாளியுடையது. மூன்றும் ஒரு கிண்ணத்தில் கூடின.

இவ்வாறு கூறும்போது, இரு இனத்தாரும் அன்புற்றுக் கலந்து வாழ்ந்தனர் போலும் என்று நீங்கள் எண்ணக்கூடும். வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. 1923 செப்டம்பர் முதல் நாள் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் பெரு நிலநடுக்கம் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த இடிபாட்டின் நடுவே பொய்யான வதந்திகளை நம்பிய கும்பல்கள் கொரியர் ஆயிரக்கணக்கானோரையும், சீனர் பலரையும் கொன்றன. பிழைத்த சமையற்காரர்கள் பலர் வேற்றூர்களுக்குச் சிதறினர். கடை இழந்தோர் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கினர். அவர்களுடைய திறன் நாடெங்கும் பரவியதற்கு அப்பேரழிவும் ஒரு காரணம். நள்ளிரவில் வண்டிக்காரர் ஊதும் 'சருமேரா' என்ற குழலோசை ஜப்பானியக் குழந்தைகளின் நினைவில் நிலைத்தது. நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் குழல் அது.

உணவை விரும்பி உண்டவர்களே, அதை ஆக்கியவரை இழிவாகப் பேசியதும் உண்டு. வடக்கே ஸப்போரோ நகரில், பல்கலைக்கழகத்துக்கு அருகே 1922-இல் தொடங்கப்பட்ட 'தகேயா' என்ற உணவுக்கடையில் சீனச் சமையற்காரர் ஒருவர் பணிபுரிந்தார். அங்கு வரும் மாணவர்கள் சீனரை இகழும் ஒரு சொல்லைச் சேர்த்தே அவ்வுணவைக் கேட்பார்களாம். கடைக்காரரின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. தம் அடுப்படியில் உழைப்பவரின் காதில் நாள்தோறும் அச்சொல் விழலாகாது என்று கருதி, 'ராமென்' என்ற வேறு பெயரை அவ்வம்மையார் எழுதி வைத்ததாக அக்கடையின் வரலாற்றைக் கூறுவோர் சொல்லுவர். இழுத்து நீட்டிய மாவிழை என்று பொருள்படும் சீனச் சொல்லே ராமென்னின் மூலம் என்பது பொதுவான கருத்து. ஆனால் அப்பெயர் நாடெங்கும் வழங்க நெடுங்காலம் ஆயிற்று. 'ஷினா சோபா' என்பதே பெருவழக்காக இருந்தது. 1937-இல் ஜப்பான் சீனத்தின்மீது முழுப் போர் தொடுத்தது. போரில் தோற்றபின், 'ஷினா' என்ற சொல் சீனருக்கு வருத்தம் தருவதால் அதைத் தவிர்க்குமாறு 1946-இல் அரசே அறிவித்தது. உணவின் பெயரும் மெல்ல மெல்ல மாறிற்று. ஒரு கிண்ணத்தின் பெயர் மாறிய கதைக்குள் ஒரு நாட்டின் செருக்கும் தோல்வியும் நாணமும் அடங்கியிருப்பதைக் காணுங்கள்.

அடுத்து வந்தது பசியின் காலம். 1945-இல் ஜப்பானின் நெல் விளைச்சல் மிகவும் தாழ்ந்தது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கடல் கடந்திருந்த போர்வீரரும் குடிமக்களுமாக அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். பங்கீட்டு உணவு போதவில்லை. கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்கப்படவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு கள்ளச் சந்தை வழியாகத் தள்ளுவண்டிகளை அடைந்தது. சட்டப்படி அது குற்றம். பசித்தவனுக்கோ அது உயிர். சீனத்திலிருந்து திரும்பியவர்கள் அங்குக் கற்ற சமையலைக் கொண்டு வண்டி தள்ளிப் பிழைத்தனர்.

அந்நாள்களில் ஓசகா நகரின் கள்ளச் சந்தையில், குளிரில் நடுங்கியவாறு ஒரு கிண்ணம் ராமென்னுக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றதை அன்தோ மோமோஃபுகு என்பவர் கண்டார். தைவானில் 1910-இல் பிறந்தவர் அவர். அந்த வரிசை தம் மனத்தைவிட்டு அகலவில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறினார். வாணிகத்தில் கைப்பொருள் இழந்து, நாற்பத்தெட்டாம் வயதில் தம் வீட்டுப் புறக்கடைக் கொட்டகையில் ஆய்ந்து, இழையை எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கும் முறையைக் கண்டார். 1958 ஆகஸ்ட் 25-ஆம் நாள், வெந்நீர் ஊற்றினால் உண்ணத்தக்க 'சிக்கன் ராமென்' விற்பனைக்கு வந்தது. ராமென் என்ற பெயர் நாடெங்கும் நிலைபெற அதன் விளம்பரம் பெரிதும் காரணமாயிற்று. 1971-இல் கோப்பையிலேயே அடைத்த நூடுல்ஸையும் அவருடைய நிறுவனம் வெளியிட்டது. உங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தின் மூதாதை அந்தக் கொட்டகையில் பிறந்ததே.

பொட்டலம் நாடெங்கும் ஒரே சுவையைக் கொண்டு சென்றது. கடைகளோ ஊருக்கு ஊர் வேறு சுவையை வளர்த்தன. க்யூஷு தீவில் உள்ள குருமே என்னும் ஊரில் 1937-இல் ஒரு வண்டிக் கடையில் பன்றி எலும்புச் சாறு தோன்றியது. பத்தாண்டு கழித்து அதே ஊரில் வேறொரு கடைக்காரர் சாற்றைத் தம் தாயாரின் காவலில் விட்டு வெளியே சென்றார் என்றும், அளவுக்கு மீறிக் கொதித்த அது பால்போல வெளுத்துவிட்டது என்றும் சொல்வர். கெட்டுவிட்டது என்று எண்ணிச் சுவைத்தவர், அதன் சுவையைக் கண்டு வியந்தாராம். ஒரு பிழையே மரபாயிற்று! அருகிலுள்ள ஃபுகுஒகாவின் மீன் சந்தைத் தொழிலாளர்க்குக் காத்திருக்க நேரமில்லை. ஆகவே விரைவில் வேகும் மெல்லிய இழையும், சாறு மிஞ்சியிருந்தால் இழையை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளும் வழக்கமும் அங்கே வளர்ந்தன. பனி பொழியும் ஸப்போரோவில் 1950-களில் ஓமியா மொரிதோ என்பவர் மீசோ விழுதைச் சாற்றில் கலந்தார். டோக்கியோவில், வேலையாட்கள் மிஞ்சிய இழையைச் சாற்றில் தோய்த்து உண்டதைக் கண்ட யமகிஷி கசுஓ, அதையே 1955-இல் ஒரு தனி உணவாக்கி விற்றார். தம் செய்முறையை மறைக்காமல், தேடி வந்த சீடர்களுக்கெல்லாம் கற்பித்த அவர் 2015-இல் மறைந்தார்.

இத்தனை வகை தோன்றிய பின், எது சிறந்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. 1950-களிலேயே ஹனமோரி யசுஜி என்ற பத்திரிகையாசிரியர் ஸப்போரோவை ராமென் நகரம் என்று எழுதிப் புகழ் தேடித் தந்தார். 1985-இல் வெளியான 'தம்போபோ' என்ற திரைப்படம், ஒரு கைம்பெண் தம் சிறு கடையின் சாற்றைத் திருத்திச் சிறப்பிக்கும் கதையைச் சொன்னது. 1994-இல் யோகோஹாமாவில் ராமென்னுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1958-ஆம் ஆண்டுத் தெருவொன்றை அதனுள் அமைத்திருக்கிறார்கள். இதழ்களும் தொலைக்காட்சியும் ஆண்டுதோறும் தரவரிசை வெளியிடலாயின. 2015 டிசம்பரில் வெளிவந்த மிஷலின் வழிகாட்டி நூல், டோக்கியோவின் சுகாமோ பகுதியில் ஒன்பது இருக்கைகளே கொண்ட 'ட்ஸுதா' என்ற கடைக்கு ஒரு விண்மீன் வழங்கியது. ராமென் கடை ஒன்று அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை. தெருவண்டியின் பிள்ளை அரசவையில் அமர்ந்தது போன்ற நிகழ்ச்சி அது.

இத்தகைய மதிப்பீடு தீமை என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் தெரியாத கைத்திறனாளர் பலரை அது வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அதை என் குறிப்பேடே எனக்குக் கற்பித்தது.

ஃபுகுஷிமா மாவட்டத்தில் மலைகள் சூழ்ந்த சிற்றூர் கிதகதா. பழைய களஞ்சியங்களும், மது வடிக்கும் சாலைகளும், நல்ல நீரும் அதன் சிறப்பு. 1920-களில், சுரங்கத்தில் வேலை செய்த உறவினரைத் தேடிச் சீனத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், இங்கே வண்டி தள்ளி நூடுல்ஸ் விற்கத் தொடங்கினார். அவரிடம் பயின்றோரும், அவர்களிடம் பயின்றோருமாகக் கடைகள் பெருகின. அகன்று நெளிந்த இழையும், பன்றி எலும்போடு உலர்ந்த சிறுமீன் சேர்ந்த தெளிந்த சாறும் அவ்வூரின் அடையாளம்.

நான் அங்கே சென்ற நாளில், நண்பகலுக்குள் மூன்று கடைகளில் உண்டுவிட்டேன். நான்காவதாக ஒரு முதிய தம்பதியர் நடத்தும் கடைக்குள் நுழைந்தேன். மேசைகள் தேய்ந்திருந்தன, சுவரில் அலங்காரம் இல்லை. சாறு எனக்குச் சப்பென்றிருந்தது. இழை குழைவாகத் தோன்றியது. வயிறு நிறைந்த நீதிபதியாக அமர்ந்து 19 என்று எழுதினேன். அன்றிரவே, டோக்கியோவில் படிக்கும் தமிழ் நண்பர் ஒருவருக்கு என் பட்டியலை அனுப்பியும் விட்டேன். அவர் அடுத்த வாரம் நண்பர்களுடன் அவ்வூருக்குச் செல்லவிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கடுங்குளிரில் உலாவச் சென்றேன். அதே கடையில் விளக்கு எரிந்தது. சன்னலில் ஆவி படிந்திருந்தது. வியப்போடு உள்ளே சென்றேன். சேற்றுக் காலணியுடன் ஓர் உழவர், இரவு வேலை முடிந்து வந்த ஒருவர், பேரனோடு ஒரு பாட்டி ஆகியோர் அமர்ந்து அமைதியாக உண்டுகொண்டிருந்தனர். விடியுமுன் வயலுக்குச் சென்று திரும்புவோரும், ஆலையில் இரவு முறை முடித்து வருவோரும் காலையில் ராமென் உண்பது கிதகதாவின் பழக்கம். நானும் ஒரு கிண்ணம் வாங்கினேன். நேற்றுச் சப்பென்றிருந்த அதே சாறு, வெறும் வயிற்றில் மழைக்குப்பின் வெயில்போல இதமாகப் பரவியது. குழைவு என்று நான் குறை கூறிய இழை, பல்லில்லாத அந்தப் பாட்டிக்கும் பேரனுக்கும் எளிதாக இருந்ததைக் கண்டேன். அந்த உணவு நண்பகலில் நான்காம் கிண்ணமாக உண்பதற்கு ஆக்கப்பட்டதன்று. உழைத்தவர் விடியற்காலையில் உண்பதற்கு ஆக்கப்பட்டது. குறை கிண்ணத்தில் இல்லை. என் வேளையிலும் வயிற்றிலும் இருந்தது.

கடைக்கார அம்மையார் தேநீர் கொண்டுவந்து வைத்து, "நேற்றும் வந்து ஏதோ எழுதினீர்களே, என்ன எழுதினீர்கள்?" என்று அன்போடு வினவினார். எனக்குத் தெரிந்த சிறிதளவு ஜப்பானிய மொழியில், "உங்கள் கடையைப் பற்றித்தான்" என்றேன். அவர் மகிழ்ந்து தலை தாழ்த்தி நன்றி கூறினார். தம் மகன் டோக்கியோவில் அலுவலகத்தில் இருப்பதாகவும், தம் இருவருக்கும் பின் கடையை நடத்த ஆளில்லை என்றும் சொன்னார். அந்த நன்றியைப்போல் என்னைச் சுட்ட கடுஞ்சொல் வேறொன்று இல்லை. குறிப்பேட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

விடுதிக்குத் திரும்பியதும் 19 என்ற எண்ணை அடித்தேன். அவ்விடத்தில் வேறு எண்ணை எழுதவில்லை. 'காலை ஏழு மணிக்குச் செல்க. பசியோடு செல்க' என்று மட்டும் எழுதி, நண்பருக்கும் அவ்வாறே தெரிவித்தேன். அவர்கள் அடுத்த வாரம் விடியற்காலையில் எழுந்து சென்று உண்டதாக எழுதியிருந்தார்கள்.

அத்தகைய முதியவர்களின் கடைகள் இன்று குறைந்து வருகின்றன. கோதுமை, இறைச்சி, எரிபொருள் ஆகியவற்றின் விலை ஏறிவிட்டது. ஆனால் கிண்ணத்தின் விலை 1000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பர் என்ற அச்சம் கடைக்காரர் பலரைக் கட்டிப் போட்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் இவ்வகையில் நொடித்துப்போன கடைகள் பல. தரவரிசையில் இடம்பெறாத கடை மூடப்பட்டால் அதைப்பற்றி எந்த இதழும் எழுதுவதில்லை.

மாணவ நண்பர்களே, மதிப்பிடுவது அறிவின் வேலை. அதை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கும் எண் இடுவதற்கு முன், இது யாரால், யாருக்காக, எந்த இடரின் நடுவே உண்டாயிற்று என்று கேளுங்கள். துறைமுகத்துச் சீனரின் கத்தியும், நிலநடுக்கத்தின் சாம்பலும், தோற்ற நாட்டின் பசியும், ஒரு தாயாரின் கவனக்குறைவும், விடியலில் உழைப்பவரின் குளிரும் ஒரு கிண்ணத்துக்குள் இருந்தன. என் ஐந்து பத்திகளில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை. அக்குறிப்பேட்டில் இப்போது ஆறாவது பத்தி ஒன்று வரைந்திருக்கிறேன். அதன் தலைப்பு 'வரலாறு'. அந்தப் பத்தியில் நான் எண் எழுதுவதில்லை. கேட்டறிந்ததை மட்டுமே எழுதுகிறேன்.